கம்ப்ரெஷன் டி-ஷர்ட்: ஒரு எல் தொளதொளவென்று இருக்கிறது, இன்னொரு எல்லைக் கழற்ற ஆள் தேவைப்படுகிறது. எது என் சைஸ்?

சாய்வுநாற்காலி

எல்லோருக்கும் வணக்கம். வயது 37, கோயம்புத்தூர். மூன்று மாதமாகக் காலையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் பாதி ஓட்டம் பாதி நடை. உயரம் 5 அடி 8, எடை 84 கிலோ. அங்கே ஓடுகிறவர்களில் நிறையப் பேர் உடம்போடு ஒட்டிய கம்ப்ரெஷன் டி-ஷர்ட் போட்டிருக்கிறார்கள், நானும் ஒன்று வாங்கலாம் என்று நினைத்ததில் ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

முதலில் ஆன்லைனில் ஒரு எல் வாங்கினேன். வந்தது சாதாரண டி-ஷர்ட் மாதிரிதான் இருந்தது, பளபளப்பு மட்டும் கூடுதல். நெஞ்சில் காற்று போய் வருகிறது, ஓடினால் முதுகுப் பக்கம் சுருண்டு மேலே ஏறுகிறது. மட்டமான சரக்கு போல என்று நினைத்து வேறு தளத்தில் வேறு பிராண்டில் இன்னொரு எல் போட்டேன். அதில் தலை நுழைந்தது, ஒரு கை நுழைந்தது, மூச்சைப் பிடித்து இன்னொரு கையையும் நுழைத்துவிட்டேன், அப்புறம் கழற்ற முடியவில்லை. இரண்டு கையும் மேலே தூக்கியபடி, முகத்தில் துணி மூடிக்கொண்டு ஹாலில் நின்றேன். மனைவி கட்டில் மேல் ஏறி நின்று இழுத்ததில்தான் விடுதலை. மகள் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில் ஒரு கடையில் விசாரித்தபோது அங்கிருந்த பையன் "கம்ப்ரெஷன்னா ஒரு சைஸ் கம்மியாத்தான் சார் எடுக்கணும், அப்பத்தான் பிடிக்கும்" என்றான். அவன் கணக்குப்படி நான் எம் எடுக்க வேண்டும், இரண்டாவது சட்டையின் கணக்குப்படி டபுள் எக்ஸ்எல் எடுக்க வேண்டும். ஃபார்மல் சட்டை 42 போடுகிறேன், அதனால் நெஞ்சு 42 இஞ்ச் என்று எடுத்துக்கொண்டேன். பேன்ட் 36, உள்பனியன் 100. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதை எடுப்பது?

ஜிம்தம்பி96

பாஸ், கடைப் பையன் சொன்னதுதான் சரி. எம் எடுங்கள். முதல் பத்து நாள் டைட்டாக இருக்கும், அப்புறம் கொஞ்சம் லூஸாகி செட் ஆகிவிடும். நான் எப்போதும் ஒரு சைஸ் குறைத்துத்தான் எடுப்பேன், கை நல்லா எடுப்பாகத் தெரியும்.

ஓவர்லாக்

எம் எடுக்காதீர்கள். லூஸாகி செட் ஆகும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பத்து நாளில் ஒரு கம்ப்ரெஷன் சட்டை லூஸாகிறது என்றால் அதற்குள் இருக்கும் இழுவை நூல் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் 14 வருடம் இருந்தவன், ஸ்போர்ட்ஸ் ஸ்டைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் நீங்கள் கொடுத்த எண்களுக்கு வருவோம், ஏனென்றால் மூன்றும் மூன்று வேறு சங்கதி. பல ரெடிமேட் ஃபார்மல் சட்டைகளில் 39, 40, 42, 44 என்று போட்டிருப்பது காலர் சுற்றளவு, அதுவும் செ.மீ. கணக்கில். நெஞ்சு இஞ்ச் என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பேன்ட் 36 என்பது நீங்கள் பெல்ட் கட்டும் இடம். தொப்பை அதற்கு மேலே தனியாக இருக்கிறது, அதை எந்தப் பேன்டும் அளப்பதில்லை. பனியன் 100 மட்டும்தான் நெஞ்சோடு சம்பந்தப்பட்டது: 100 செ.மீ., அதாவது 39 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே உங்கள் நெஞ்சு 42 இல்லை, 40 பக்கம்தான் இருக்கும் என்பது என் யூகம்.

வீட்டில் இஞ்ச் டேப் இருந்தால் அளந்துவிடுங்கள். சட்டை இல்லாமல் நின்று, டேப்பை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் மார்புக்காம்பின் மட்டத்தில் சுற்றி, முதுகில் இறங்கிவிடாமல் ஒருவர் பின்னால் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்டபின் எடுக்கும் அளவு. நெஞ்சை விடைத்துக்கொண்டு நின்று அளப்பது போட்டோவுக்கு நல்லது, சட்டைக்கு உதவாது. அப்படியே தொப்புள் மட்டத்தில் வயிறும் எடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஆன்லைனில் இருக்கும் சைஸ் சார்ட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று உடம்பு அளவு, "டூ ஃபிட் செஸ்ட் 38–40" என்று இருக்கும். இன்னொன்று துணியின் அளவு, "கார்மென்ட் மெஷர்மென்ட்" என்று இருக்கும். சாதாரணச் சட்டையில் துணி உடம்பைவிட நான்கைந்து இஞ்ச் பெரிசு. கம்ப்ரெஷனில் அது தலைகீழ், துணி உடம்பைவிடச் சின்னது. பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் மாதிரி வடிவம் போடும்போதே 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்துத்தான் வெட்டுகிறோம், துணியின் இழுவையைப் பொறுத்து. 40 இஞ்ச் நெஞ்சுக்கான சட்டையை மேசையில் விரித்து அளந்தால் சுற்று 34, 35 தான் வரும். கடைப் பையன் சொன்ன அந்த "ஒரு சைஸ் கம்மி" கட்டிங் டேபிளிலேயே முடிந்துபோன வேலை. அதற்கு மேல் நீங்களும் ஒரு சைஸ் குறைத்தால் ஒரே சட்டையை இரண்டு தடவை குறைத்ததாகிவிடும்.

ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் இரண்டு சட்டையையும் இழுக்காமல் மேசையில் விரித்து, அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து சொல்லுங்கள். எங்கள் பாஷையில் ஹாஃப் செஸ்ட். உள்ளே லேபிளில் ஸ்பான்டெக்ஸ் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். எலாஸ்டேன் என்றோ லைக்ரா என்றோ போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், எல்லாம் நான் சொன்ன அந்த ஒரே இழுவை நூல்தான். 1958-ல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசஃப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தது, லைக்ரா என்பது அந்தக் கம்பெனி வைத்த பிராண்ட் பெயர்.

சாய்வுநாற்காலி

ஓவர்லாக் அண்ணா, கோடி நன்றி. அளந்தாயிற்று. நெஞ்சு 40½. வயிறு மூச்சு விட்டபின் 41, எக்கிப் பிடித்தால் 39, ஆனால் டேப்பைப் பிடித்திருந்த மகள் 39-ஐ ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றாள். ஆக நெஞ்சைவிட வயிறு அரை இஞ்ச் கூட. 37 வயதில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் சட்டை ஹாஃப் செஸ்ட் 21 இஞ்ச், பாலியெஸ்டர் 95, ஸ்பான்டெக்ஸ் 5. இரண்டாவது 15½ இஞ்ச், பாலியெஸ்டர் 88, ஸ்பான்டெக்ஸ் 12. இரண்டிலும் எல் என்றுதான் இருக்கிறது. இரண்டாவதில் கழுத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் 175/92ஏ என்று ஒன்று அச்சடித்திருக்கிறது, அது என்ன என்று தெரியவில்லை, மாடல் நம்பராக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு மட்டும் என்றால் பழைய டி-ஷர்ட்டே போதும். எனக்கு நெஞ்சுப் பகுதி கொஞ்சம் துருத்திக்கொண்டு இருக்கும், காலேஜ் காலத்திலிருந்தே. மெல்லிய டி-ஷர்ட் போட்டு ஓடினால் அசைவது தெரிகிறது, யாரும் பார்க்காவிட்டாலும் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. அதை அமுக்கிப் பிடிக்கத்தான் இதைத் தேடுகிறேன். முதலிலேயே சொல்லக் கூச்சமாக இருந்தது.

தெம்பனீஸ்வாசி

அது மாடல் நம்பர் இல்லை நண்பரே, உங்கள் மர்மத்துக்கு விடையே அதுதான். சிங்கப்பூரில் நாங்கள் சீனத் தளங்களில் நிறைய வாங்குவதால் அந்த லேபிள் பழக்கம். சீனாவின் உடை அளவு முறை அது. 175 என்பது உயரம் செ.மீ.யில், 92 என்பது நெஞ்சுச் சுற்று செ.மீ.யில், இரண்டும் உடம்பின் அளவு. அதாவது அந்தச் சட்டை 175 செ.மீ. உயரமும் 92 செ.மீ. நெஞ்சும் உள்ள ஆளுக்காக வெட்டியது. 92 செ.மீ. என்றால் 36 இஞ்ச். நீங்கள் 40½. பையில் எல் என்று போட்டிருந்தாலும், பல அமெரிக்க பிராண்டுகளின் சார்ட்டில் வைத்துப் பார்த்தால் அது எஸ்ஸுக்குத்தான் சமம். கட்டில் மேல் ஏறி இழுத்த உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

கடைசியில் இருக்கும் ஏ என்ற எழுத்து இன்னும் சுவாரசியம். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கான குறி அது. ஆண்களில் 17 முதல் 22 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஒய், 12 முதல் 16 இருந்தால் ஏ, 7 முதல் 11 இருந்தால் பி, 2 முதல் 6 இருந்தால் சி. உங்களுக்கு வயிறு நெஞ்சைவிடப் பெரிசு என்கிறீர்கள், ஆக உங்களுக்கு எழுத்தே கிடையாது. கவலைப்படாதீர்கள், எனக்கும் கிடையாது. நான் வாங்கும்போது எல், எக்ஸ்எல் என்ற எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நெஞ்சு 104 என்றால் பின்னால் 104 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன், அது சில கடைகளில் த்ரீ எக்ஸ்எல் என்று வரும். பெட்டியில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து மனம் கொஞ்சம் புண்படும், போட்டால் சரியாக இருக்கும்.

மூணாவதுரவுண்டு

நான் சென்னை, பெசன்ட் நகர் பக்கம் ஓடுகிறேன், ஏழெட்டு வருடமாக இந்த மாதிரிச் சட்டைதான். சைஸை ஓவர்லாக் சார் பார்த்துக்கொள்வார், போட்டுப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

டிரயல் ரூமில் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், சட்டை தொப்புளுக்கு மேலே ஏறிப் போய்க் கை இறக்கினாலும் அங்கேயே நின்றால் நீளம் பற்றவில்லை, அல்லது வயிற்றில் டைட். அடுத்து, வயிறு நெஞ்சு எல்லாம் விரியும்படி ஆழமாக மூச்சை இழுங்கள். எங்காவது ஒரு பட்டை கட்டிப் பிடித்த மாதிரி நின்றால் அடுத்த சைஸ். அப்புறம் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்து எழுங்கள். அக்குளில் துணி மடிந்து சேருகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், அந்த மடிப்பு ஐந்தாவது கிலோமீட்டரில் பிளேடு மாதிரி வேலை செய்யும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுக்கொண்டே சுற்றுங்கள், வேண்டுமென்றால் சாக்ஸ் பிரிவில் எதையாவது பார்க்கிற மாதிரி நடியுங்கள். விரல் மரத்தால், கை நிறம் மாறினால், கழற்றிய பிறகு அக்குளிலும் கையிலும் ஆழமான தடம் விழுந்து வெகு நேரம் மறையாமல் இருந்தால் அது உங்கள் சைஸ் இல்லை. லேசான தையல் தடம் எல்லோருக்கும் விழும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

லூஸாக இருந்தாலும் தொல்லைதான். இந்தத் துணி தோலோடு ஒட்டியிருந்தால்தான் வேர்வையை உறிஞ்சி வெளிப்பக்கம் பரப்பும். இடைவெளி இருந்தால் ஈரத்துணி உடம்பில் தேய்க்கும், மார்புக்காம்பில் ரத்தம் வந்து வெள்ளை டி-ஷர்ட்டில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு வருகிற ஓட்டக்காரர்களை மாரத்தான் முடிவுக்கோட்டில் பார்த்திருப்பீர்கள். நான் கம்ப்ரெஷனுக்கு மாறியது அந்த ஒரே காரணத்துக்காகத்தான், நகராத துணி தேய்க்காது. இந்தச் சட்டைகளை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய அண்டர் ஆர்மரும் தசையை இறுக்குவதற்காக ஆரம்பித்தது இல்லை. கெவின் பிளாங்க் என்பவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், உள்ளே போடும் பருத்தி டி-ஷர்ட் வேர்வையில் ஊறிக் கனப்பது தாங்காமல்தான் 1996-ல் அதைத் தொடங்கினார்.

ஒரு எச்சரிக்கை. கோயம்புத்தூர்க் காலை வேளைக்குப் பிரச்சினை இல்லை. சென்னையில் மே மாதம் காற்றே ஈரமாக இருக்கும்போது வேர்வை எங்கேயும் போகாது, அப்போது இதற்கு மேல் இன்னொரு டி-ஷர்ட்டும் போட்டு ஓடினால் புழுங்கிச் சாக வேண்டியதுதான். நான் அந்த இரண்டு மாதம் சல்லடை மாதிரி இருக்கும் லேசான பனியனுக்கு மாறிவிடுவேன், மார்புக்காம்பில் வாசலின்.

ஒட்டடைக்குச்சி

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு நேர்மாறான பிரச்சினை. 6 அடி 1, நெஞ்சு 36. எஸ் எடுத்தால் நெஞ்சு சரி, நீளம் பற்றாமல் இடுப்பு தெரிகிறது. எம் எடுத்தால் நீளம் சரி, நெஞ்சு தொளதொள.

ஓவர்லாக்

ஒட்டடைக்குச்சி தம்பி, நெஞ்சுக்கு எஸ்ஸே எடுங்கள், ஆனால் நீளம் கூட வெட்டியதாகத் தேடுங்கள். சில பிராண்டுகளில் உயரமானவர்களுக்கு "டால்" (Tall) என்று தனி அளவு உண்டு. இல்லையென்றால் சார்ட்டில் பின்பக்க நீளத்தைப் பார்த்து வாங்குங்கள், ஒரே எஸ்ஸில் ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு இஞ்ச் வரைகூட மாறும். இறுக்கமான துணி அகலத்தில் விரியும்போது நீளத்தில் கொஞ்சம் சுருங்கும், அதனால் மேசையில் சரியாகத் தெரிகிற நீளம் உடம்பில் குறையும்.

சாய்வுநாற்காலிக்குப் பதில் சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது வேலை.

பிசியோ_நெல்லை

சாய்வுநாற்காலி சார், கூச்சப்பட ஒன்றுமில்லை. இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் நிறைய, பெரும்பாலும் இதைக் கடைசியில், எழுந்து போகும்போது கதவருகே நின்று கேட்பார்கள்.

அமுக்கிக் காட்டுவதற்கு என்று வாங்கும்போதுதான் ஆட்கள் இரண்டு சைஸ் குறைக்கிறார்கள். அது வேண்டாம். நெஞ்சுக்கூடு விரியாமல் ஓடினால் மூச்சு மேலோட்டமாகப் போகும், சீக்கிரம் களைத்துப்போவீர்கள், அப்புறம் ஓட்டமே பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவீர்கள். அசைவைக் கட்டுப்படுத்துவதற்குச் சரியான சைஸின் பிடியே போதும். முழுத் தட்டையாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெஞ்சுப் பகுதியில் மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைத்தவை கிடைக்கின்றன, உடம்பு முழுக்க இறுக்காமல் அந்த இடத்தில் மட்டும் பிடிக்கும், உங்களுக்கு அது பொருந்தும். மேலே அடர் நிறத்தில் கொஞ்சம் கனமான டி-ஷர்ட் போட்டால் மிச்சமும் தெரியாது.

இறுக்கினால் கொழுப்பு கரையும் என்று சில விளம்பரங்களில் வரும். கரையாது. கழற்றி எடைபார்த்தால் குறைந்திருப்பது வேர்வை, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். ஓட்ட வேகம் கூடும் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாள் தசை வலி ஓரளவு குறையலாம் என்ற பக்கம் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கம்ப்ரெஷன் சாக்ஸ் வேறு கதை, அதில் 15–20, 20–30 மி.மீ. பாதரசம் என்று அழுத்தத்தையே எழுதி, ஆளை அளந்து கொடுப்பார்கள். கடைச் சட்டையில் எஸ், எம், எல் தவிர அப்படி ஒன்றும் பார்க்க மாட்டீர்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகு போடச் சொல்லும் அழுத்த பனியனும் அப்படித்தான், அதன் சைஸை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், இங்கே இல்லை.

இன்னொன்று. காம்புக்கு நேர் பின்னால் விரலால் அழுத்தினால் கட்டி மாதிரி கெட்டியாகத் தட்டுப்படுகிறதா, வலி இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பெரிசாகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால், அல்லது சமீபத்தில் திடீரென்று கூடியிருந்தால், ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வெறும் கொழுப்பு என்றால் மெத்தென்று இருக்கும். மார்புச் சுரப்பித் திசு வளர்வது கைனகோமாஸ்டியா. சில மருந்துகளாலும் அது வரும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் அதில் ஒன்று. உடம்பு ஏற்றுவதற்காக ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்களுக்கும் வரும். ஜிம்தம்பி இதைப் படித்தால் நல்லது, உங்களைச் சொல்லவில்லை தம்பி, உங்கள் ஜிம்மில் யாராவது இருப்பார்கள்.

ஜிம்தம்பி96

நான் புரோட்டீன் பவுடர் மட்டும்தான் சார். நானும் என் சட்டையை விரித்து அளந்து பார்த்தேன், ஹாஃப் செஸ்ட் 14½, என் நெஞ்சு 39. பெஞ்ச் பிரஸ் போடும்போது ஏன் மூச்சு முட்டுகிறது என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதுரைக்காரி

என் வீட்டுக்காரர் கால்பந்து ஆடுகிறவர், அவர் சட்டை துவைப்பவள் என்ற தகுதியில் ஒரு வார்த்தை. நல்ல சைஸாகப் பார்த்து வாங்கிவிட்டு, துவைக்கத் தெரியாமல் ஆறு மாதத்தில் அதை முதல் சட்டை மாதிரி ஆக்கிவிடாதீர்கள். வெந்நீர் வேண்டாம், வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம் (அது நூல் மேல் படிந்து வேர்வை உறிஞ்சுவதைக் கெடுக்கும்), டிரையர் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி கிட்டேயே வரக் கூடாது. பச்சைத் தண்ணீரில் உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசி நிழலில் போட்டால் போதும். பாலியெஸ்டர் நாற்றத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் வந்தவுடன் அலசுங்கள், பைக்குள் சுருட்டி மறுநாள் எடுத்தால் வீடே காலி செய்ய வேண்டியிருக்கும். ஓடி முடித்த பிறகு அதோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேப்பர் படிப்பதும் கூடாது, ஈரத்துணி ஒட்டியே இருந்தால் நம் ஊர் வெக்கைக்கு வேர்க்குருவும் படர்தாமரையும் வரிசையில் வரும். இவருக்கு வந்தது. ஆட்டத்தில் போடுகிறவர்கள் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், உள்சட்டையின் கை ஜெர்சிக் கையின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று கால்பந்து விதி இருக்கிறதாம், ஒரு தடவை நடுவர் இவரைக் கழற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓவர்லாக்

வந்துவிட்டேன். கணக்கு போடுவோம்.

முதல் சட்டை ஹாஃப் செஸ்ட் 21, சுற்று 42. உங்கள் நெஞ்சு 40½. உடம்பைவிட ஒன்றரை இஞ்ச் பெரிய துணி எதை இறுக்கும்? அது கம்ப்ரெஷனே இல்லை, பளபளக்கும் ஒரு டி-ஷர்ட்டுக்கு அந்தப் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள், எந்த சைஸ் எடுத்திருந்தாலும் சரியாக வந்திருக்காது. இரண்டாவது 15½, சுற்று 31. 36 இஞ்ச் ஆளுக்கு அது சுமார் 14 சதவீதம் குறைவு, நல்ல பேட்டர்ன். உங்களுக்கு அதே துணி 23 சதவீதம் குறைவு. சட்டை மேல் தப்பில்லை, ஆள் மாறிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது 40½-இல் 10 முதல் 15 சதவீதம் குறைத்த துணி. சுற்று 34½ முதல் 36½ வரை, ஹாஃப் செஸ்ட் 17¼ முதல் 18¼ வரை. 20 சதவீதம் வரை போகலாம் என்று முதலில் சொன்னேன், ஆனால் உங்களுக்கு வயிறு 41 என்பதால் நான் போக மாட்டேன். பல பேட்டர்ன்களில் இடுப்புப் பக்கம் நெஞ்சைவிட ஒரு இஞ்ச் உள்ளே வாங்கியிருப்பார்கள், ஒய், ஏ உடம்புக்காக. நெஞ்சுக்குச் சரியாக இருக்கும் சட்டை வயிற்றில் பிதுக்கும், பிதுக்கினால் மேலே சுருண்டு ஏறும். அதனால் அடி விளிம்பையும் அளந்து பாருங்கள், 17½-க்குக் கீழே இருந்தால் வைத்துவிடுங்கள். நெஞ்சு, வயிறு இரண்டில் எது பெரிசோ அதற்குத்தான் சைஸ். சார்ட்டில் எம் 38–40, எல் 42–44 என்று இருந்து நீங்கள் நடுவில் மாட்டினால், உங்கள் விஷயத்தில் எல். நடுவில் நிற்கிறவர் இடுப்பு ஒடுங்கிய ஆளாக இருந்தால் எம் சொல்லியிருப்பேன்.

துணிக்கு ஒரு சோதனை. அடி விளிம்புக்குப் பக்கத்தில் 10 செ.மீ. அளவுக்கு இரண்டு விரலால் பிடித்து, குறுக்கே 15 செ.மீ. வரும் வரை இழுத்து விடுங்கள். சிரமமில்லாமல் வந்து, விட்டதும் பழைய இடத்துக்குப் போக வேண்டும். மேலும் கீழுமாகவும் அதே மாதிரி இழுங்கள், நான்கு பக்கமும் இழுவை இருக்கிறதா என்று தெரியும். இழுத்தபோது துணி வழியாக உங்கள் விரல் பளிச்சென்று தெரிந்தால் துணி மெலிசு, நீங்கள் சொன்ன காரணத்துக்கு உதவாது. ஸ்பான்டெக்ஸ் 12-க்கு மேல் இருந்தால் நல்லது, 15, 20 என்றால் இன்னும் நல்லது, 5 என்று போட்டிருந்தால் கையில் எடுக்கவே வேண்டாம். தையலைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டும், ஃப்ளாட்லாக் என்பது அதுதான். என் பெயர் ஓவர்லாக்காக இருந்தாலும், மேடாகத் தட்டுப்படும் ஓவர்லாக் தையல் அக்குளில் வந்தால் தேய்க்கும். தோள்பட்டை மேல் தையல் வராமல் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகப் போகும் ராக்லன் கை கிடைத்தால் எடுங்கள்.

அப்புறம், ஒரே பிராண்டில் "கம்ப்ரெஷன்", "ஃபிட்டெட்", "லூஸ்" என்று மூன்று வகை இருக்கும். மூன்றுக்கும் பெரும்பாலும் உடம்பு அளவுச் சார்ட் ஒன்றேதான், துணியின் அளவுதான் மாறும். ஃபிட்டெட் எல் போட்டுப் பார்த்துவிட்டு கம்ப்ரெஷனில் எம் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சாய்வுநாற்காலி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். சனிக்கிழமை இஞ்ச் டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அதே பையன் இருந்தான். நான் சட்டைகளை மேசையில் விரித்து அளக்க ஆரம்பித்ததும் "சார் கார்மென்ட்ஸா?" என்று கேட்டான், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் ஓவர்லாக் அண்ணா. ஐந்து சட்டை அளந்ததில் எல் என்று போட்டிருந்தவை 16 முதல் 19½ வரை இருந்தன! ஒன்று ஹாஃப் செஸ்ட் 18, அடி விளிம்பு 17¾, ஸ்பான்டெக்ஸ் 16, ராக்லன் கை, கறுப்பு. நெஞ்சில் இரட்டைத் துணி உள்ளது அந்தக் கடையில் இல்லை, இதையே எடுத்தேன். கையைத் தூக்கினேன், மூச்சை இழுத்தேன், குனிந்தேன், சாக்ஸ் பிரிவில் ஐந்து நிமிடம் சுற்றினேன், அந்த வெட்கத்தில் இரண்டு ஜோடி சாக்ஸும் வாங்க வேண்டியதாயிற்று.

நான்கு நாளாக ஓடுகிறேன். நானே கழற்றிக்கொள்கிறேன். மேலே ஒரு டி-ஷர்ட் போட்டால் அசைவு தெரியவில்லை, நேற்று ஒரு முழுச் சுற்று நிற்காமல் ஓடினேன், பாதி தூரத்துக்கு மேல் சட்டை ஞாபகமே வரவில்லை. பிசியோ சார் சொன்ன மாதிரி அழுத்திப் பார்த்தேன், இடது பக்கம் மட்டும் ஏதோ கெட்டியாக இருக்கிற மாதிரி ஒரு சந்தேகம், வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பிசியோ_நெல்லை

நல்லது சார். போய்விட்டு வந்து முடிந்தால் ஒரு வரி போடுங்கள்.

தெம்பனீஸ்வாசி

எல்லாம் சரி, அந்த 175/92ஏ என்ன ஆயிற்று? திருப்பி அனுப்பிவிட்டீர்களா?

சாய்வுநாற்காலி

கழற்றும்போது கழுத்துத் தையல் ஒரு இடத்தில் விட்டுவிட்டது, திருப்பி எடுக்க மாட்டார்கள். மனைவி அதைத் தைத்து, பன்னிரண்டாவது படிக்கும் என் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் நெஞ்சு 36. பையன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன் இன்னும் நகரவில்லை என்று அக்கா போன் செய்தாள்.